உப்புப் பார்க்காத சுறா

காலை 7.30, கார்ல்ஸ்ரூஹே. மார்ச் மாதம் பிறந்தும் குளிர் விடவில்லை. 2006-ஆம் ஆண்டின் அந்த வெள்ளிக்கிழமை நான் டிரெஸ்டனுக்குக் கிளம்பியது ஊர் பார்க்க அல்ல. அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த என் மனைவி மலர் மருத்துவமனையில் படுத்திருந்தாள். மூன்று வாரம் முன்னதாகவே பிள்ளை பிறந்துவிட்டது. அறுவைசிகிச்சை. குழந்தை நலம். தாய்தான் சாப்பிட மாட்டேன் என்கிறாள், பாலும் இறங்கவில்லை. பிறந்தபோது கூட இருந்துவிட்டு, அலுவலகத்தில் வேலையை ஒப்படைத்து விடுப்பு வாங்குவதற்காக இரண்டு நாள் கார்ல்ஸ்ரூஹே வந்திருந்தேன். அந்த இரண்டு நாளும் தொலைபேசியில் அவள் சொன்னது ஒரே சொல்தான்: "வேண்டாம்."

ஜெர்மன் மருத்துவமனையைப் பழித்துவிட முடியாது. தங்கமாகக் கவனிக்கிறார்கள். ஆனால் மாலை ஐந்து மணிக்கே இராச்சாப்பாடு வந்துவிடும். அதுவும் குளிர்ந்த ரொட்டி, குளிர்ந்த பாலாடைக்கட்டி, ஊறுகாய் வெள்ளரிக்காய் ஒன்று. இந்த நாட்டில் இரவு அடுப்பு மூட்டாமல் சாப்பிடுவதுதான் வழக்கம். தூத்துக்குடிக்காரியான மலருக்கோ, பச்சை உடம்புக்காரி குளிர்ந்ததைத் தொடக்கூடாது என்பது சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த பாடம். அவளுடைய அம்மாவுக்குச் சென்னையில் விசாவுக்கு இன்னும் நாள் கிடைக்கவில்லை. டிரெஸ்டனில் எங்களுக்குத் தெரிந்த தமிழ் மாணவர்கள் ஒரு நாள் எலுமிச்சைச் சாதமும் மறுநாள் தயிர்ச்சாதமும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் பிள்ளை பெற்றவளுக்குத் தயிர்ச்சாதம் கொண்டுபோகிறவர்களை என்ன சொல்வது?

என் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஸ்டெல்லா அக்கா இருக்கிறார். மன்னார்க்காரர், அகதியாக வந்து பதினெட்டு வருடமாக இந்த ஊரில் வாழ்கிறார். முதியோர் இல்லம் ஒன்றில் துணி துவைக்கும் வேலை. விஷயத்தைக் கேள்விப்பட்டதும் "நீங்கள் பேசாமல் இருங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், அன்று காலை ஒரு எவர்சில்வர் தூக்குவாளியோடு வாசலில் நின்றார்.

"இது சுறா வறை. பிள்ளை பெத்த ஆக்களுக்குப் பால் சுரக்க நாங்கள் இதுதான் குடுக்கிறனாங்கள். உறைப்பு இல்லை. மிளகும் உள்ளியும் நல்லெண்ணெயும்தான்." உள்ளி என்று அவர் சொன்னது பூண்டு.

"சுறா இங்க எங்கக்கா கெடச்சுது?" நான் மூன்று கடை ஏறி இறங்கி, சுறாவுக்கான ஜெர்மன் சொல்லைச் சொல்லிக் கேட்டு, கடைக்காரர்கள் சிரித்ததுதான் மிச்சம்.

"அப்பிடிக் கேட்டால் தரமாட்டினம். சுறா எண்டால் இவையள் பயத்திலை வாங்காயினம். அதாலை 'ஸேஆல்' எண்டு எழுதி வைச்சிருப்பினம். கடல் விலாங்காம்! உள்ளுக்கை முள்ளில்லை, வெறும் குருத்தெலும்பு. சுறாதான்."

வாளியைத் துணியால் கட்டி, முடிச்சுக்குள் ஒரு கரித்துண்டைச் செருகினார். அவருடைய கணவர் கோடையில் இறைச்சி சுடும் கரிப் பையிலிருந்து எடுத்ததாம். மீன் கொண்டு போகும்போது வழியில் எதுவும் பின்தொடராமலிருக்க எங்கள் மதுரைப் பக்கமும் இதைத்தான் செய்வார்கள். அக்கா கத்தோலிக்கர். வாளிக்கு மேல் சிலுவைக்குறியும் போட்டார். இரண்டில் ஒன்று பலிக்கட்டும் என்று நினைத்திருப்பார் போல.

"தம்பி, ஒண்டு சொல்லோணும். நான் உப்புப் பார்க்கேல்லை. தவக்காலத்து வெள்ளி, எனக்கு ஒருசந்தி. நாக்கிலை வைக்க ஏலாது. கை அளவிலைதான் போட்டனான். தங்கச்சி சாப்பிட்டிட்டு உப்பு எப்பிடி எண்டு எனக்குச் சொல்லவேணும். வழியிலை மட்டும் திறந்து பாக்காதேங்கோ."

ஓம் என்று அவர் பாஷையிலேயே சொல்லிவிட்டு ஓடினேன்.

காலை 9.20, பிராங்க்பர்ட். இங்கே வண்டி மாற வேண்டும். கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து டிரெஸ்டன் ஏறக்குறைய அறுநூறு கிலோமீட்டர். விரைவு ரயிலில் ஆறு மணி நேரம். ஆறு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் சுபாவத்தில் இல்லை. டிரெஸ்டன் வண்டியில் ஏறி இருக்கையில் அமர்ந்தேன், எழுந்தேன், தூக்குவாளியை மேலே வைத்தேன், சாய்ந்துவிடுமோ என்று இறக்கிக் காலடியில் வைத்தேன், யாராவது இடறுவார்களோ என்று மறுபடி மேலே வைத்தேன். எதிர் இருக்கை அம்மாள் பின்னல் ஊசியை நிறுத்திவிட்டு இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளே உயிருள்ளது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்.

பெயர் ஃப்ரௌ கிர்ஷ், நம் வழக்கில் திருமதி கிர்ஷ். டிரெஸ்டன்காரர், எழுபதை நெருங்கும் வயது. கார்ல்ஸ்ரூஹே பக்கம் கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் இரண்டு வாரம் தங்கிவிட்டுத் திரும்புகிறார். அவருடைய சாக்சனிப் பேச்சில் பாதிதான் எனக்குப் புரிந்தது. என் ஜெர்மனில் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனாலும் மனைவி பெயர், மருத்துவமனை, மாடி, அறை எல்லாம் கொட்டிவிட்டேன். பதற்றத்தில் எனக்கு வாய் நிற்காது.

அவருக்கும் சாப்பாட்டில் ஒரு குறை இருந்தது. "மகள் ஊரில் காலை ரொட்டியை வெக் என்கிறார்கள். எங்கள் ஊரில் அது ஸெம்மெல். போகட்டும். ஒரு நாள் மனசு சரியில்லை, ஃபன்கூகன் வேண்டும் என்று மருமகனிடம் சொன்னேன். எங்களுக்கு அது ஜாம் வைத்துப் பொரித்த உருண்டை. அவன் தட்டையாக ஒன்றைச் சுட்டுக்கொண்டு வந்து வைக்கிறான்! எங்கள் உருண்டைக்கு அங்கே பெர்லினர் என்று பெயராம். முகம் கோணாமல் அதைத் தின்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கார்ல்ஸ்ரூஹே வந்த புதிதில் அக்கா வீட்டில் அப்பம் என்றதும் வெல்லம் போட்டுப் பொரித்ததை எதிர்பார்த்து உட்கார்ந்தேன், வந்தது ஆப்பம். அதை அரைகுறையாக விளக்கினேன். இரண்டு பேரும் ஒரே பாஷைக்காரர்கள்தானே என்று கேட்டார். ஆமாம், உங்களையும் உங்கள் மருமகனையும் போல என்றேன்.

பிள்ளை பெற்றபோது அவர் என்ன சாப்பிட்டார் என்று விசாரித்தேன். பாலில் காய்ச்சிய ரவைக் கஞ்சி, மேலே செர்ரிப்பழம். பால் சுரக்க, போதை ஏறாத கறுப்பு மால்ட் பியர், அவருடைய அத்தை கூடை கூடையாக அனுப்புவாராம். பிறகு என் வாளியைக் காட்டி, அதில் என்ன என்றார். சுறா என்றேன். கரி எதற்கு என்றார். பேய்க்கு என்றேன். உப்புப் பார்க்காத கதையையும் சொன்னேன்.

"சமைத்தவரும் ருசி பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு அறுநூறு கிலோமீட்டரா?" என்று கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி, பார்க்கலாமே" என்று வாளிப்பக்கம் கையை நீட்டினார். "கரியை எடுக்காதீர்கள்!" என்று நான் போட்ட சத்தத்தில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

காலை 10.15, ஃபுல்டா. சுரங்கப்பாதை மாற்றிச் சுரங்கப்பாதையாக வந்ததில் கைபேசிக்குத் தொடர்பே இல்லை. ஃபுல்டாவில் வண்டி நின்றதும் மலரோடு ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று கைபேசியோடு நடைமேடையில் குதித்தேன். கோட்டு உள்ளே, பை உள்ளே. அவள் எடுத்தாள்.

"சாப்ட்டியா?"

"வேண்டாம்ங்க. அழுதுகிட்டே இருக்கான். புட்டிப்பால்தான் குடுக்காங்க. எனக்கு ஒண்ணுமே பிடிக்கல."

"நான் கொண்டு வர்றேன், சுறா…" என்று ஆரம்பித்தபோது பின்னால் கதவு மூடும் மணி அடித்தது. ஓடினேன். பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். ஜன்னலுக்குள்ளே ஃப்ரௌ கிர்ஷ் எழுந்து நின்று, மேலே இருந்த வாளியையும் என்னையும் மாறி மாறிக் காட்டினார். வண்டி போயே போய்விட்டது.

"மலர், சுறா போயிருச்சு" என்றேன் கைபேசியில். வேறென்ன சொல்ல?

"பரவால்லங்க. எனக்குப் பசியே இல்ல" என்று வைத்துவிட்டாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தூத்துக்குடியில் மீன் குழம்பில் புளி ஒரு சொட்டுக் கூடினால் வீட்டையே இரண்டாக்குகிறவள் அவள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு அவளுடைய கைபேசி அணைந்தே கிடந்தது.

ரயில் நிலைய அலுவலரிடம் போனேன். அடையாளம் கேட்டார். எவர்சில்வர் வாளி, துணிக்கட்டு, மேலே ஒரு கரித்துண்டு என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பை கிடைத்தால் வைத்திருப்பார்கள், கெட்டுப்போகும் உணவை வைத்திருப்பது வழக்கமில்லை என்று தன்மையாகச் சொன்னார். சுறா குப்பைக்குப் போகும் என்பதை இதைவிடப் பதமாகச் சொல்ல முடியாது.

டிரெஸ்டனுக்கு அடுத்த வண்டி இரண்டு மணி நேரம் கழித்துத்தான். ஃபுல்டாவில் ஒரு பெரிய தேவாலயம் இருக்கிறதாம், பார்க்க வேண்டிய இடமாம். நான் பார்த்ததெல்லாம் நான்காவது நடைமேடையின் இரு முனைகளைத்தான். வெறும் சட்டையோடு அங்குமிங்கும் நடந்தேன். குளிர் தாங்காமல் 1.90 யூரோவுக்குக் காப்பி வாங்கினேன், குடிக்க மறந்தேன். உள்ளே வந்து உட்காரேன் என்று காப்பிக்கடைப் பெண் இரண்டு தடவை கூப்பிட்டாள். உட்கார என்னால் ஏலாது என்று அவளிடம் ஜெர்மனில் எப்படிச் சொல்வது?

மதியம் 12.15 முதல் மாலை 4 வரை ரயில். எர்ஃபர்ட் வந்தது, லைப்சிக் வந்தது. வெளியே என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். டிரெஸ்டனில் எந்தக் கடையில் என்ன மீன் கிடைக்கும், எந்த மாணவன் வீட்டில் அடுப்பு கிடைக்கும், எனக்குச் சமைக்கத் தெரியுமா என்றெல்லாம் மனசு ஓடிக்கொண்டிருந்தது. கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் தெரியும்.

மாலை 4.40, டிரெஸ்டன். எல்பே ஆற்றுக்கு அருகில் அந்த மருத்துவமனை. மின்தூக்கிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறி, மலரின் அறைக் கதவைத் தள்ளினேன்.

முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. பூண்டு, மிளகு, நல்லெண்ணெய், சுறா. ஃப்ரௌ கிர்ஷ் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் என் கோட்டு, காலடியில் என் பை. காகிதக் கைக்குட்டையில் பொதிந்த கரித்துண்டைக் கையில் பத்திரமாகப் பிடித்திருந்தார். என்னைக் கண்டதும் நீட்டினார்.

"இதை இனி எங்கே வைப்பது? உங்கள் மனைவி கேட்டுத்தான் அவிழ்த்தேன்."

கரியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மலர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் வைத்து, அவள் தொடாமல் ஜன்னலோரம் கிடந்த ஸெம்மெலை இரண்டாகப் பிளந்து, சுறாவை அதற்குள் அடைத்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றுகொண்டிருந்தாள். தூக்குவாளியில் முக்கால்வாசி காலி. எல்லாம் ஜில்லென்று இருந்தது.

"சூடு பண்ணலையா?"

"நர்ஸ் சித்த நேரம் கழிச்சுப் பண்ணித் தாரேன்னாங்க. யாரு காத்திருக்க?" என்றாள் வாய் நிறைய. "இது சுறாப்புட்டுல்லா? எங்க அம்மா செய்யுத மாதிரியே இருக்குங்க."

சுறா வறை, சுறாப்புட்டு, கடல் விலாங்கு. மூன்று பெயரும் ஒரே வாளிக்குள் இருந்தன. ஃப்ரௌ கிர்ஷ் தானும் கொஞ்சம் சாப்பிட்டாராம். வாசனையைத்தான் தாங்க முடியவில்லை, ருசி பாதகமில்லை என்றார். நாளை மால்ட் பியர் கொண்டு வருவதாகச் சொல்லி, குழந்தையின் நெற்றியை ஒரு விரலால் தொட்டுவிட்டுக் கிளம்பினார். அவரோடு மின்தூக்கி வரை போய் இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை.

பால் வந்ததா என்று கேட்பீர்கள். அன்று வரவில்லை. இரண்டு நாள் கழித்து வந்தது. சுறாவாலா, மால்ட் பியராலா என்று இரண்டு கட்சியும் இன்றுவரை உரிமை கொண்டாடுகின்றன.

அறைக்குத் திரும்பியபோது ஐந்து மணித் தட்டு வந்திருந்தது: குளிர்ந்த ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய். மலர் ரொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வாளியை வழித்தாள். நான் ஸ்டெல்லா அக்காவை அழைத்துக் கைபேசியை அவளிடம் கொடுத்தேன். மறுமுனையில் அக்கா கேட்டது எனக்கே கேட்டது.

"தங்கச்சி, சாப்பிட்டனீங்களோ? உப்பு எப்பிடி? பயப்பிடாமல் சொல்லுங்கோ."

மலர் விரலை நக்கினாள். புருவத்தைச் சுருக்கினாள். எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தப் பழைய முகம், பிள்ளை பிறந்ததிலிருந்து காணாமல் போயிருந்த முகம், திரும்பி வந்தது.

"உப்புக் கொஞ்சம் காணாதுக்கா," என்றாள். "பூண்டு இன்னும் நாலு பல்லு தட்டிப் போட்டிருக்கலாம். மீன இவ்வளவு பொடிப்பொடியா உதுத்திருக்கக் கூடாது…"

சொல்லிக்கொண்டே போனாள். காலையிலிருந்து முதல் தடவையாக நான் அசையாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன்.