என் நடையைத் திருடிய நாத்தனார்

என் நாத்தனார் சத்யப்பிரியா பெரிய தப்பு ஒன்றும் செய்யவில்லை. என்னிடம் கேட்காமல் என் நடையைத் திருடினாள், அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அவள் மண்டையை உடைக்காமல் விட்டதே பெரிய விஷயம்.

பிரியா என் வீட்டுக்காரர் ராஜசேகரின் தங்கை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அனிமேஷன் படிக்கிறாள். நான் ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் ஒன்பது வருஷமாக லைனில் நிற்கிறேன். படிப்பு முடியப்போகிறது, வேலைக்கு வழியைக் காணோமே என்று நானே சூப்பர்வைசரிடம் பேசி அவளுக்கு ஓர் இடம் பிடித்தேன். சனிக்கிழமை சென்னையிலிருந்து ஓர் அனிமேஷன் ஸ்டுடியோவின் ஆட்கள் சென்டருக்கு ஆள் எடுக்க வருகிறார்கள். எடுத்தால் அங்கே போகட்டும், இல்லையென்றால் திங்கட்கிழமை என்னோடு கம்பெனி பஸ் ஏறவேண்டும் என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. அவளுக்கான சேஃப்டி ஷூவைக்கூடக் கம்பெனி ஸ்டோரில் வாங்கிவந்து பெட்டியோடு டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவள். திமிர்.

ஸ்டுடியோவுக்குக் காட்ட வேண்டியது ஒரு நடை. கம்ப்யூட்டரில் வரைந்த பொம்மை நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருக்க வேண்டும். ரெண்டு எட்டு வரைந்தால் போதும், அதுவே திரும்பத் திரும்ப ஓடும். நிஜ மனுஷர் மாதிரியே இருக்கக்கூடாதாம்; கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, பார்த்ததும் ஆள் இன்னார் என்று தெரியவேண்டுமாம்.

வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால், கம்ப்யூட்டரில் ஒரு பொம்பளை. சின்னத் தலை, பூசணிக்காய் இடுப்பு, தோளில் பை. முழங்கையை விரித்துக்கொண்டு சண்டைக்குப் போகிறவள் மாதிரி நடக்கிறாள்.

“யாருடி இது?”

பிரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நீங்கதான் அண்ணி. பஸ்லேர்ந்து எறங்கி வரசொல்ல போன்ல எடுத்துகினேன்.”

“அடிப்பாவி! நான் இன்னா இப்பிடியா நடக்குறேன்? அழிடி அத!”

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “அச்சு அசலா கீது,” என்றார். அவருக்கு அன்றைக்குக் காபி கிடையாது.

மறுநாள் பிரியா சென்டரிலிருந்து முகம் தொங்கிப்போய் வந்தாள். எல்லாம் நன்றாக இருக்கிறது, பாதம் மட்டும் கட்டை என்று சார் சொல்லிவிட்டாராம். அடியெடுத்து வைக்கும்போது பின்கால் குதி எழும்பும், விரல்கிட்டே பாதம் மடங்கும். இந்தப் பொம்மைக்கு மடங்கவே இல்லை, இப்படியே காட்டினால் எடுக்கமாட்டார்கள் என்றாராம்.

“அது உங்க ஷூவால அண்ணி. முன்னாடி இரும்பு, அடியில கல்லு மாதிரி சோல். அதப் பாத்து அப்பிடியே வரைஞ்சிட்டேன். ஒரே ஒரு தபா வெறுங்காலோட நடந்து காட்டுங்க, மாத்திடறேன்.”

அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் என் கோபத்தை நான் எங்கே வைப்பது? மொட்டைமாடிக்குப் போய் நடந்தேன். போனைத் தரையில் சாய்த்து வைத்து எடுத்தாள். பார்த்தாள். இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள்.

“இன்னாடி?” என்று போனைப் பிடுங்கினேன்.

வெறும் கால்தான். ஆனால் பாதம் பலகை மாதிரி தரையில் விழுகிறது, பலகை மாதிரியே எழும்புகிறது. ஒரு விரல்கூட மடங்கவில்லை. ஷூவை எப்போதோ கழற்றியாயிற்று. கால் இன்னும் அதற்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது நான் இப்படி நடக்கவில்லை.

விரலை மடக்கி மறுபடி நடந்து பார்த்தேன். வலித்தது.

“வேணாம் அண்ணி,” என்று பிரியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தன் காலையே படமெடுத்து, அதைப் பார்த்துப் பாதத்தை மட்டும் மாற்றி வரைந்தாள். பொம்மைக்கு இடுப்பு என்னுடையது, பாதம் அவளுடையது. நன்றாகத்தான் நடந்தது.

சனிக்கிழமை அவளை எடுக்கவில்லை. நடை பிடித்திருக்கிறது, இன்னும் ரெண்டு செய்துகொண்டு அடுத்த முறை வா என்றார்களாம். சாயங்காலம் வந்தவள் நேராக டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஷூவைப் போட்டுப் பார்க்கத்தான் போயிருக்கிறாள், பாவம். பெட்டி அங்கே இல்லை.

“ஷூ எங்க அண்ணி?”

“காலையில டூட்டிக்குப் போவசொல்லவே எடுத்துகினு போய் ஸ்டோர்ல குடுத்துட்டேன். உனக்கு வேணாம். போய் அடுத்த நடைய வரை. இந்தத் தபா உங்கண்ணன வரை, தொப்ப நல்லா தெரியணும்.”