சுனைக்குச் செருப்பு ஆகாது, கடலுக்கு ஆகும்

கடலுக்கு அடியில் போய் ஒரு சுறாவின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தவன் நான். புதூர்நாட்டு மலையில் இப்படி ஒரு ஆள் என்னைத் தவிர கிடையாது.

இதில் சுறா பொய். அடியில் போனதும் பொய். முதுகில் தட்டியது மட்டும் உண்மை. தட்டு வாங்கிய முதுகு என்னுடையது. உப்புத்தண்ணீர் புரையேறி நான் இருமியபோது என் மனைவி தட்டினாள். தட்டினாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். புளி அடிக்கிற கை அது.

அவள் மலைக்குக் கீழே, ஆலங்காயம் பக்கத்துக்காரி. கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்து வளர்ந்தவள். நான் மலைமேல் பிறந்தவன். எங்கள் ஓடையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் அதை வெள்ளம் என்போம். புளியமரத்து உச்சிக் கிளையில் நின்று பீடி பற்றவைப்பேன். அண்டாத் தண்ணீரில் முகத்தை முக்கச் சொன்னால் நாளைக்குப் பார்க்கலாம் என்பேன். படிப்பும் அப்படித்தான். மூன்றாவது வகுப்பில் முகத்தை முக்கிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், ராமநாதபுரம் பக்கம் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். கண்ணாடி மாட்டிக்கொண்டு கடல்மேல் குப்புற மிதந்து பவளப்பாறையைப் பார்க்கிறவர்களின் வீடியோ ஒன்றை அவர் அனுப்பித் தொலைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாமைச்சோறு அடிபிடிக்காத நாளே இல்லை. அடுப்பைப் பார்க்கவேண்டியவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு வாட்டி தலைய உள்ள வுட்டுப் பாத்துட்டாப் போதும்யா. அப்பறம் எதுவும் கேக்கமாட்டேன்."

எதுவும் கேட்கமாட்டாள் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று அவள் கேட்டது அது ஒன்றுதான். மச்சான் மகளுக்குக் காதுகுத்து வந்தது. போனோம்.

அது ஆள் கூடுகிற கடற்கரை இல்லை. ஒரு சுண்டல்காரன்கூடக் கிடையாது. பனை, உடைமுள், காலைக் குத்துகிற சிப்பி, காதை அறைகிற காற்று. படகில் உட்கார்ந்து எல்லாருடைய செருப்புக்கும் காவல் இருக்கலாம் என்ற நினைப்பில்தான் நான் ஏறினேன். கடலுக்குள் கூட்டிப்போக வந்தது ஒரு மீனவர் வீட்டுப் பெண். முக்குளிப்புக்குப் பயிற்சி எடுத்தவள். அவள் என் திட்டத்தில் மண்ணைப் போட்டாள்.

"தனியா யாரையும் எறக்க மாட்டோம்ணே. சோடியாத்தான். ஒருத்தரு ஏறுனா மத்தவரும் ஏறிரணும். அக்காவுக்கு நீங்கதான் சோடி."

"எங்க அண்ணன் வரட்டுமே?" என்றாள் என் மனைவி. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

"அவரு இன்ஜின விட்டுட்டு வரமுடியாதுக்கா."

ஆக, நான் இறங்கினால்தான் அவள் தலை உள்ளே போகும். நான் ஏறினால் அவளும் ஏறவேண்டும். மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பைச் சம்பந்தக்காரன் சிரிக்கக் கூடாது.

அந்தப் பெண் முகக்கண்ணாடியை எடுத்து அதில் துப்பினாள். நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"இன்னாம்மா இது?"

"ஆவி படியாம இருக்கும்ணே. நீங்களும் துப்புங்க."

எங்கள் மலையில் கன்னிமார் சுனை இருக்கிறது. அங்கே துப்பினால் அந்த வருஷம் சுனை ஊறாது. செருப்போடு தண்ணீரில் கால் வைக்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. ஓரமாகக் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் இறங்குவோம். இங்கே என்னடாவென்றால் துப்பச் சொன்னார்கள். வாத்துக்கால் மாதிரி முழநீள ரப்பர் துடுப்பைக் காலில் மாட்டிவிட்டார்கள். மிதவைச் சட்டையும் போட்டுவிட்டார்கள். வாயில் குழாய். வெள்ளாமைக் காட்டில் பன்றி விரட்ட நிற்கும் பொம்மைக்கு என்னைவிடக் களை இருக்கும்.

முதலில் அந்தப் பெண் இறங்கினாள். அடுத்து என் மனைவி, கிணற்றில் குதித்த பழைய கணக்கில், தொப்பென்று. பின்னால் நான் ஏணியில் கால் வைத்தேன். கீழே தண்ணீர். எவ்வளவு பெரிய சுனை! கை தானாகவே கீழே போய் அந்தத் துடுப்புகளைக் கழற்றியது. படகு ஓரத்தில் ஜோடி சேர்த்து வைத்தேன். கும்பிட்டேன். இறங்கினேன்.

துடுப்பு எதற்கு என்று அப்புறம்தான் தெரிந்தது. நான் காலை உதைக்க உதைக்க நின்ற இடத்திலேயே இருந்தேன். பிறகு நின்ற இடமும் நகர ஆரம்பித்தது. படகு தள்ளித் தள்ளிப் போனது. அவர்கள் இருவரும் முகத்தைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார்கள். அப்போது வேறு எதுவும் தோன்றாமல், குழாய் வாயில் இருக்கும்போதே, மரத்திலிருந்து கீழே கூப்பிடுகிற மாதிரி 'கூ' கொடுத்தேன்.

மலையில் ஒரு வழக்கம். ஒரு சரிவிலிருந்து 'கூ' வந்தால், கேட்டவர் எந்த வேலையில் இருந்தாலும் முதலில் பதில் 'கூ' கொடுக்கவேண்டும். குழாய் வழியாக வந்த என் குரல் கன்றுபோட்ட எருமை கத்தியது மாதிரி இருந்ததாம். மச்சான் இன்ஜினைத் திறந்து பார்த்திருக்கிறார்! என் மனைவி மட்டும் தலையைத் தூக்கினாள். குழாயைப் பிடுங்கிவிட்டு, அத்தனை தண்ணீருக்கு நடுவே, "கூ...ஊ" என்றாள்.

வந்து சேர்ந்தார்கள். முதுகில் தட்டியது இங்கேதான்.

"அண்ணே, கால்ல மாட்டுனது எங்கண்ணே?"

"கழட்டி வச்சிட்டுதாம்மா வந்தேன். செருப்போட எப்டி எறங்கறது?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பில் குழாய் நழுவியது. "வூட்டுக்குள்ள சேத்துக் காலோட வர்ற மனுசன், கடலுக்கு மட்டும் மரியாத குடுக்குறாரு" என்றாள் என் மனைவி.

"பயமா இருக்காண்ணே? ஏறிரலாமா?"

என் மனைவி படகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. என்னைத் திட்டாத அவள் முகத்தை அன்றுதான் பார்த்தேன். கடலைவிட அதுதான் பயமாக இருந்தது.

"யாரு ஏறப்போறா? மச்சான், அந்தச் செருப்பத் தூக்கிப் போடு!"

மாட்டிக்கொண்டேன். அவள் கையைப் பிடித்தேன். முகத்தை முக்கினேன்.

முக்கியதும் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. கீழே இருந்தது எங்கள் மலை. உச்சிக் கிளையிலிருந்து நான் தினமும் பார்க்கிற மேடும் பள்ளமும்தான். பிடித்துக்கொள்ளக் கிளைதான் இல்லை, ஆனாலும் விழவில்லை. மழைக்கு முளைத்த காளான் மாதிரி பவளம். கிளி நிறத்தில் மீன்கள் அதைக் கடித்துத் தின்ற சத்தம், வறுத்த கடலை மெல்லுகிற மாதிரி என் காதில் விழுந்தது. ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் அவள் என் விரலை நசுக்கினாள். எத்தனை மீன் பார்த்தோம் என்று என் விரல் இன்றைக்கும் சொல்லும்.

அப்புறம் அந்தப் பெண் ஒரு பாறைப் பொந்தைக் காட்டினாள். உள்ளே இருட்டு. இருட்டில் இரண்டு கண்கள். ஒவ்வொன்றும் பலாக்கொட்டை அளவு. அது மெதுவாக வெளியே வந்தது. வாயைத் திறந்தது. நான் என் மனைவியைப் பின்னால் தள்ளிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி...

"கூ...ஊ!"

இது கடலில் இல்லை. இப்போது, இங்கே மலையில், எதிர்ச் சரிவிலிருந்து. புளியமரத்தடியில் என் மனைவி நிற்கிறாள்.

"யோவ்! இன்னும் எழுதிக்கினுதான் கீறியா? மரம் ஏற ஆளு இல்ல, இங்க எல்லாரும் கோணியோட நிக்கறாங்க! கத இன்னா, பொந்தாண்ட வந்துடுச்சா? உள்ள இருந்தது நண்டுன்னு எழுதிட்டு வா!"

நண்டுதான். ஆனால் பெரிய...

"கூ...ஊ!"

இதற்கு மட்டும் பதில் கொடுக்காமல் இருக்கமுடியாது. நடுக்கடலில் கொடுத்தவள் அவள்.

"கூ...! வர்றேன்டீ!"