கேம்ப் வேண்டாம்

வளைகுடாவில், சத்வா பகுதியில் நான் டிக்கெட் போடும் டிராவல்ஸுக்கு வழக்கமாக வரும் ஒரு கட்டட ஃபோர்மேன் அன்றும் வந்தார். ஹெல்மெட் வார் மறைத்த இடம் மட்டும் வெளுத்து, மற்ற முகமெல்லாம் கருகியிருந்தது. உட்காரும் முன் நாற்காலியில் துண்டை விரிப்பார். எழுந்ததும் அதாலேயே துடைப்பார். மனைவியை ஊரிலிருந்து வரவழைத்து மொராக்கோ சுற்றிக்காட்ட வேண்டுமாம்.

நான் உற்சாகமாக, “சகாரா பாலைவனத்துல ரெண்டு நாள் கேம்ப், சார்” என்றேன்.

“கேம்ப்பா? இங்க வந்த நாள்லேருந்து கேம்ப்லதான்யா கெடக்குறேன். பொண்டாட்டியையும் அங்க கூட்டிட்டுப் போகச் சொல்றியா?”

“இது வேலையாளுங்க தங்குற லேபர் கேம்ப் இல்ல சார். சொகுசுக் கூடாரம், ஒட்டகச் சவாரி...”

மேசையில் ஓங்கி அடித்தார். “மணல் மணல்தான்யா! ஏசி ஆபீஸ்ல வேலைன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அந்த வெயில்ல கொஞ்ச நேரம் நின்னாள்னா எல்லாம் புரிஞ்சிரும். அப்புறம் என்னத் திரும்ப டூட்டிக்கு விடுவாளா?”

அவ்வளவு கோபத்திலும் நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் போனார்.

பாலைவனத்தைச் சுகமென்று விற்கும் அந்தப் பேக்கேஜைப் பார்த்தாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்றுதான் புரியவில்லை. லீவுக்குப் போகும்போதெல்லாம் முகத்தில் அந்த ஹெல்மெட் தடத்தை அவர் மனைவி பார்க்காமலா இருந்திருப்பார்?