எட்டு மணிச் சங்கும் கேசட் பெரியம்மாவும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பதினோரு கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். அசாமிலிருந்து நாலு நாள் ரயிலில் வந்து இறங்கிய இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

1988, ஐப்பசித் தொடக்கம். வந்தவள் என் தங்கை செல்வி. தின்சுகியாவில் குடித்தனம், நாலு வருடம் கழித்து இப்போதுதான் ஊர்ப்பக்கம் வருகிறாள். மகள் வித்யாவுக்கு ஏழு வயது. மகன் கார்த்தியை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன், அவன் என்னைக் கேசட்டில் கேட்டிருக்கிறான். டிரங்க் கால் கட்டுப்படியாகாது என்று மாதம் ஒரு கேசட்டில் கதை பேசித் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தேன். அதைப் போடாமல் பயல் சோற்றில் கை வைக்க மாட்டானாம். அந்தத் தைரியத்தில் ஸ்டேஷனில் இரண்டு கையையும் நீட்டினேன். அம்மாவின் சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டான்.

"இது கேசட் பெரியம்மா இல்ல."

மறுநாள் ஆயுத பூஜையன்றும் அதே பாட்டுத்தான். பொரிகடலையை வாங்கிக்கொள்வான், கையைத் தொட விடமாட்டான். எனக்கு மிச்சமிருந்தது விஜயதசமி ஒரு நாள். அதற்கடுத்த நாள் காலை எட்டு மணி பஸ்ஸில் அவர்கள் நாகர்கோவில் கிளம்பியாக வேண்டும், செல்வி வீட்டுக்காரர் நேரே அங்கே தன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தார். அதற்குள் இந்தப் பயல் ஒரு தடவையாவது என் மடியில் வந்து உட்கார வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

காலை 9.40. பஸ்ஸில் இடது பக்கம் ஜன்னலோரம் பிடித்தோம், அந்தப் பக்கம்தான் மலை. ராத்திரி பெய்த மழையில் மலை கழுவி வைத்தது போல் இருந்தது. கண்டக்டர் கார்த்தியைப் பார்த்து, "பையனுக்கு வயசு எம்புட்டுக்கா?" என்றார்.

"இன்னும் மூணு முடியல" என்றாள் செல்வி. மூணு முடிந்தால் அரை டிக்கெட்.

"மூணே முக்கால்!" என்றான் பயல் கணீரென்று.

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர், "பொய் சொல்லத் தெரியல, பொழைச்சுக்கிடுவான்" என்று அரை டிக்கெட்டைக் கிழித்து அவன் கையிலேயே கொடுத்தார். இவனும் அவரோடு வழியெல்லாம் வளவளவென்று பேசிக்கொண்டு வந்தான். முன்பின் தெரியாத கண்டக்டரிடம் பேச்சு, பெற்ற தாயின் அக்காளிடம் மூச்சுப் பேச்சு இல்லை! எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

10.15. கோபுரத்தின் பதினோரு நிலையையும் வித்யா விரல்விட்டு எண்ணினாள். சாமி கும்பிட்டு வெளியே வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பால்கோவாக் கடைக்குள் ஓடினோம். கால் கிலோ பத்து ரூபாய். மழை விடுகிற வழியாகத் தெரியவில்லை. கேசட்டில் சொன்ன அணில் கதையை வித்யாவிடம் சொல்ல ஆரம்பித்தேன். கார்த்தி வாயில் பால்கோவாவோடு பக்கத்தில் நகர்ந்து நகர்ந்து வந்தான். அணில் மாமரத்தில் ஏறியது, கிளைக்குப் போனது...

"தப்பு!" என்றான். விலகிப் போய்விட்டான்.

செல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா, அந்த எடத்துல கேசட்ல மில் சங்கு ஊதும். 'சங்கு ஊதிட்டான், செத்த இரு, சோத்த வடிச்சிட்டு வாரேன்'னு நீ எந்திரிச்சுப் போயிருவ. பொறவு ரெண்டு நிமிசம் வெறும் பாத்திரம் உருளுத சத்தம்தான். அதைத் தள்ளிவிடக் கூடாது, பயல் அழுதிருவான்."

அட கடவுளே! டேப்பை நிறுத்த மறந்துபோனேன் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"ஏட்டி, சங்குக்கு நான் எங்க போவேன்? மில்லு பூட்டிக் கிடக்கு."

நான் டைப்பிஸ்டாக இருக்கும் மில்லின் வாசலுக்கு எதிரேதான் என் வீடு. பூஜை விடுமுறை முடிந்து அன்று மாலை ஷிப்டில்தான் மில் திறக்கும். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

3.20க்குத் திரும்புகிற பஸ். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் ஒரு சீட்டில், அவர்கள் மூவரும் முன் சீட்டில். மில் ஸ்டாப்பில் இறங்கியபோது மணி சரியாக நாலு. தலைக்கு மேலே சங்கு பிடித்தது. வித்யா காதைப் பொத்திக்கொண்டாள். கார்த்தி மட்டும் நடுரோட்டில் அப்படியே நின்றான். மெதுவாகத் திரும்பி என்னை அண்ணாந்து பார்த்தான்.

"செத்த இரு" என்றேன். அவன் பக்கம் குனிந்தேன். "சோத்த வடிச்சிட்டு வாரேன்."

ஓடி வந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டான். தூக்கினேன். நல்ல கனம்.

"பெரியம்மா, பொறவு? அணிலு என்ன செஞ்சுச்சு?"

அன்று மாலை முழுக்க அணில் செய்ததையும் செய்யாததையும் சொன்னேன். மடி மரத்துப் போனது, இறக்கிவிட மனசு வரவில்லை.

மறுநாள் காலை, அதே ஸ்டாப். பஸ் வந்து நின்றது. மூட்டை முடிச்சை ஏற்றிவிட்டுக் கீழே நின்றேன். அழக்கூடாது என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. இனி எத்தனை வருடமோ! பஸ் நகரவும் எட்டு மணிச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. ஜன்னலில் கார்த்தியின் தலை தெரிந்தது. அவன் முகத்தில் அழுகையே இல்லை.

"பெரியம்மா, சங்கு ஊதிட்டான்! செத்த இரு, வாரேன்!"

சங்கு ஊதினால் போனவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள். அவனுக்குத் தெரிந்த கதையில் ஒரு நாளும் அது தவறியதில்லை. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புது கேசட் ஒன்று வாங்கக் கடைக்கு நடந்தேன்.