ஓரத்தில் துளையுள்ள இரும்புச்சட்டி

என் பெரியம்மா எந்தப் பழைய இரும்புச்சட்டியைக் கண்டாலும் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்ப்பாள். மற்றவர்கள் உள்பக்கத்தைத் தடவுவார்கள், துருவைச் சுரண்டிப் பார்ப்பார்கள். அவள் அடிப்பாகத்தை வெயிலுக்குக் காட்டி, உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றிய இடத்தில் நின்றுபோன தழும்பைத் தேடுவாள். பழைய வார்ப்பில் அது அடியின் நடுவில் உளுந்து அளவுக்குப் புடைத்திருக்கும். பிறகு விரல்முட்டியால் ஓரத்தில் தட்டுவாள். நல்ல வார்ப்பிரும்பு மணி மாதிரி சற்று இழுத்து ஒலிக்கும். விரிசல் விட்ட சட்டியின் சத்தம் உடனே அடங்கிவிடும். கடைக்காரர்கள் ஒதுக்கித் தள்ளும் அந்த அடங்கிய சத்தத்தைக் கேட்டால்தான் பெரியம்மாவின் முகம் மாறும். அப்போது காதுப்பிடிக்குக் கீழே ஆட்காட்டி விரலை மெல்ல ஓட்டிப் பார்ப்பாள். அவள் தேடியது அங்கே ஒரு துளை, அரிசி நுழையும் அளவுக்குச் சின்னத் துளை.

அவள் தேடிய சட்டி அவளுக்குக் கல்யாணச் சீராக வந்தது. அகன்ற வாயும் கனத்த அடியுமாக மீன் வறுப்பதற்கென்றே வார்த்தது போலிருக்கும். ஒருநாள் கைதவறி அம்மிமேல் விழுந்து, ஓரத்தில் மயிரிழைபோல விரிசல் கண்டது. பெரியப்பா அதைப் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறைக்குக் கொண்டுபோய், விரிசல் முடிகிற இடத்தில் ஒரு துளை போட்டு எடுத்துவந்தார். துளையைத் தாண்டி விரிசல் ஓடாது என்றார். அவர் சொன்னபடியே ஓடவில்லை. அதற்குப் பிறகும் அந்தச் சட்டியில்தான் கடலோரத்து மண்டபத்தூர் வீட்டில் எங்களுக்கெல்லாம் மீன் வறுத்துப் போட்டாள்.

கடல் ஊருக்குள் வந்த அன்று காலையில் பெரியம்மா வீட்டில் இல்லை. மீன்கூடையோடு காரைக்கால் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் பெரியப்பாவும், பள்ளிக்கூடம் லீவு என்பதால் என் தங்கையும் இருந்தார்கள். பெரியம்மாவின் ஒரே மகளான அவளை நான் தங்கை என்றுதான் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு தப்பியவள். அவள்தான் பிறகு சொன்னாள், "ஒம்மவ அடுப்பாண்டதான் குந்தியிருந்தா. நண்டு வறுத்துக் குடுன்னு அப்பங்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தா. சட்டி அடுப்புல இருந்துச்சு."

பெரியம்மா திரும்பி வந்தபோது தெருவே இல்லை. பெரியப்பாவை மறுநாள் மணலுக்குள்ளிருந்து எடுத்தார்கள். இடுப்பு வெள்ளி அரைஞாணை வைத்து அவள்தான் அடையாளம் சொன்னாள். தங்கை கிடைக்கவில்லை. பெரிய பெரிய குழிகள் வெட்டி, பெயர் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் சேர்த்துப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். புதைப்பதற்கு முன் எடுத்த புகைப்படங்களை ஒரு சுவரில் ஒட்டியிருந்தார்கள். அந்தச் சுவருக்கு முன்னால் நிறைய அம்மாக்கள் நின்றார்கள். சிலர் ஒரு படத்தைக் காட்டி இதுதான் என்று அழுதுவிட்டு, மறுநாள் வந்து, இல்லை, அந்தப் பக்கம் இருப்பதுதான் என்றார்கள். பெரியம்மா எதையும் காட்டவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இது இல்ல, இதுவும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தாள்.

கொஞ்ச நாளில் ஊர்க்காரர்கள் இடிபாடுகளுக்குள் தங்கள் பொருட்களைத் தேடி எடுத்தார்கள். பெரியம்மாவின் அம்மி இருந்த இடத்திலேயே புதைந்து கிடந்தது. இரும்புச்சட்டியைக் காணவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த எண்ணம் விழுந்தது.

"சட்டி நிமுந்தாப்புல இருந்தா தோணி மாதிரி தண்ணியோட போவும். எங்க கவுந்துச்சோ அங்க முழுகிக் கெடக்கும்," என்றாள் என் அம்மாவிடம். "அது போன தண்ணியிலதான் அவளும் போயிருப்பா. அது கெடந்த எடம் தெரிஞ்சா இவ கெடந்த எடம் தெரியும்."

அக்காள் மனம் பேதலித்துவிட்டது என்று அம்மா எங்களிடம் மட்டும் சொல்லி அழுதாள். ஆனால் பெரியம்மா மற்ற எல்லாவற்றிலும் தெளிவாகவே இருந்தாள். கடலைவிட்டுத் தள்ளிக் கட்டிக்கொடுத்த புதுவீட்டில் தனியாகக் குடியேறினாள். மறுபடியும் மீன் விற்கப் போனாள். கூடை காலியானதும் வீட்டுக்கு வராமல் பழைய இரும்புக் கடைகளுக்குப் போனாள். அந்த நாட்களில் கரையோர ஊர்களிலிருந்து கட்டில் சட்டம், தகரம், நங்கூரம், பாத்திரம் என்று வண்டி வண்டியாக இரும்பு காயலான் கடைகளுக்கு வந்து குவிந்தது. அந்தக் குவியல்களில் ஏறி இறங்கி, சட்டி என்று எது கண்ணில் பட்டாலும் கவிழ்த்துப் பார்த்தாள்.

நான் படித்து முடித்துக் காரைக்காலில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, ஸ்கூட்டி வாங்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை நான் அழைத்துப்போனேன். முதலில் இரக்கத்தில்தான் போனேன். போகப்போக எனக்கே இரும்பு பழகியது. தகட்டை அடித்து வளைத்த சட்டி எது, வார்த்தது எது என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. அண்மையில் வார்த்தவற்றின் உள்பக்கம் மணல் ஒட்டியது போல நெருநெருவென்றிருக்கும். பழையவை பல வருஷம் கரண்டி தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆகியிருக்கும். ஒருமுறை ஒரு சட்டி அடங்கிய சத்தம் தந்தது. ஓரத்தில் விரிசலும் இருந்தது. பெரியம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். விரிசலின் முனையை நகத்தால் துருப்போகச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தாள். துளை இல்லை. எழுந்து, எடுத்த இடத்திலேயே அதை வைத்துவிட்டு, "போவலாம் பாப்பா" என்றாள்.

வருஷங்கள் போயின. காயலான் கடைக்காரர்களில் ஒரு பாய் பழைய வார்ப்பிரும்புப் பாத்திரங்களைத் தனியாகப் பிரித்து விற்க ஆரம்பித்தார். தீயில் போட்டுப் பழைய கசடை எரித்து, தேய்த்துக் கழுவி, எண்ணெய் பூசி வரிசையாக மாட்டி வைப்பார். பாண்டிச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார் போட்டு வந்து வாங்கிப் போனார்கள். அவருக்குப் பெரியம்மாவின் கதை தெரியும். அவர் குடும்பத்திலும் அன்றைக்குக் கடற்கரைக்குப் போன ஒரு பையன் திரும்பவில்லை. "ஓரத்துல ஓட்ட உள்ள சட்டி வந்தா நான் யாருக்கும் குடுக்க மாட்டேம்மா. அல்லா சாட்சியா சொல்றேன்," என்று அவளிடம் சொல்லியிருந்தார்.

போன ஆண்டு மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, நான் மருந்துக்கடையில் இருந்தபோது அவருடைய போன் வந்தது. "பெரியம்மாவ அழைச்சிக்கிட்டு வாங்க. வண்டிய மெதுவா ஓட்டிக்கிட்டு வாங்க," என்றார்.

சட்டியை அவர் எரிக்காமல், கழுவாமல் வந்தபடியே ஒரு சாக்கின்மேல் வைத்திருந்தார். ஒரு காதுப்பிடி பாதி உடைந்திருந்தது. பெரியம்மா வழக்கம்போலக் கவிழ்த்தாள். தழும்பைப் பார்த்தாள். தட்டினாள். விரலை ஓரத்தில் ஓட்டியவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை ஒடித்து அங்கே குத்தினாள். அடைந்திருந்த கசடு உதிர்ந்து, துளையின் வழியே வெளிச்சம் தெரிந்தது. அவள் அழுவாள் என்று பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"யாரு போட்டது பாய்?"

கிராமங்களுக்குள் தள்ளுவண்டி கொண்டுபோகிறவர் எடுத்து வந்தது என்றார். அவரையே கூப்பிட்டு விசாரித்து வைத்திருந்தார். கடலிலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்கால் ஓரம் ஒரு சின்னத் தெரு. அங்கே கூலிவேலை செய்யும் ஒரு பெண்மணி அதைப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கிறார்.

மறுநாள் காலையிலேயே போனோம். அந்தப் பெண்மணிக்குப் பெரியம்மா வயதிருக்கும். சட்டியைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"திருடுனது இல்லக்கா. தண்ணி வந்து போன பொறவு முள்ளுக்காட்டுல கெடந்துச்சு. எங்க வூட்லயும் ஒண்ணும் இல்லாம இருந்துச்சு. எடுத்துக்கிட்டேன்."

"எடுத்தத கேக்க வரலம்மா," என்றாள் பெரியம்மா. "எங்க கெடந்துச்சு, அத மட்டும் காட்டு."

அவர் எங்களை வாய்க்கால் கரையோடு அழைத்துப் போனார். முன்பு கருவேலம் அடர்ந்திருந்த அந்த இடத்தில் பாதியை வெட்டி இறால் பண்ணைக்குக் குளம் எடுத்திருந்தார்கள். மீதியில் இன்னும் முள் இருந்தது. கரை திரும்பும் இடத்தில் அவர் நின்றுவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சட்டி மட்டும் இல்லக்கா," என்றார். "ஒரு புள்ள இருந்துச்சு. பொட்டப்புள்ள."

பெரியம்மா என் கையைப் பிடித்தாள்.

அவர் அழுதுகொண்டே சொன்னார். முள்ளில் சிக்கியிருந்த பிள்ளையை அவரும் அவர் புருஷனும்தான் விடுவித்து எடுத்தார்கள். யாராவது வருவார்கள் என்று காத்திருந்தார்கள். இவ்வளவு உள்ளே யாரும் வரவில்லை. நாய்கள் வர ஆரம்பித்ததும், தன்னுடைய சேலை ஒன்றைச் சுற்றி அங்கேயே கரைமேல் புதைத்துவிட்டார்கள். வெளியில் சொன்னால் போலீஸ் விசாரிக்கும், கிடந்த பொருளை எடுத்ததும் தெரிந்துவிடும் என்று புருஷன் பயந்தார். பிறகு சொல்ல நினைத்தபோது யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. புருஷனும் இறந்துவிட்டார்.

"என்ன உடுத்தியிருந்துச்சு?" என்று கேட்டாள் பெரியம்மா.

"பச்சப் பாவாட. மூஞ்சி பாக்குற மாதிரி இல்லக்கா. ரெட்ட சட போட்டு, மடிச்சுக் கட்டி, செவப்பு ரிப்பன் வச்சிருந்துச்சு. ரிப்பன் மட்டும் அவுராம அப்படியே இருந்துச்சு."

பெரியம்மா என் கையை விட்டாள். என் தங்கைக்கு அப்போது சடையே இல்லை. சில வாரங்களுக்கு முன்புதான் வேண்டுதலுக்காக மொட்டை போட்டிருந்தார்கள். முடி ஒரு விரற்கடைகூட வளர்ந்திருக்கவில்லை.

"எம்புள்ள இல்ல," என்றாள் பெரியம்மா.

பிறகு அவள் அந்தப் பெண்மணியைப் பார்த்து, "அத பெத்தவ யாருன்னு தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்று அவர் தலையசைத்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் இரும்புக் கடைகளுக்குப் போகவில்லை. கரையோர ஊர்களுக்குப் போனோம். பச்சைப் பாவாடை, இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன் என்று பெரியம்மா வீடு வீடாகக் கேட்டாள். சிலர் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்கள். ஒருத்தி எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, தன் மகளுக்கும் பச்சைப் பாவாடைதான் என்று அழுதாள். ஆனால் அவள் மகள் கைக்குழந்தை. கடைசியில் திருவேட்டக்குடியில் ஒரு பெரியவர், வலை பிரித்துக்கொண்டிருந்தவர், பெரியம்மா சொல்லி முடிக்கும் முன்பே கையை நிறுத்திவிட்டார்.

"செவப்பு ரிப்பன் நான் வாங்கிக் குடுத்ததுதான்," என்றார்.

மனைவி இறந்து சில வருஷம் ஆகிறது என்றார். அந்தச் சுவரில் ஒரு படத்தை அவர் மனைவிதான் காட்டி, இதுதான் நம் பிள்ளை என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் படத்துக்குரிய பிள்ளையைப் பொதுக்குழியில் புதைத்த இடத்தில், சாகிறவரை ஒவ்வொரு வருஷமும் பால் ஊற்றினாள். இப்போது அவரும் மகன்களும் ஊற்றுகிறார்கள்.

"புள்ள அங்கதான் இருக்குன்னு நம்பிக்கிட்டே அவ போயிட்டா," என்றார். "இப்ப போயி நான் அத மாத்த மாட்டேங்க. என் மவனுங்ககிட்ட சொல்லாதீங்க. அங்கயே இருக்கட்டும்."

பெரியம்மா வாதாடவில்லை. "பேரு மட்டும் சொல்லுங்க," என்றாள். அவர் குனிந்தபடியே பெயரைச் சொன்னார்.

பாய் அந்தச் சட்டியைத் துடைத்து எங்களுக்காக எடுத்து வைத்திருந்தார். பெரியம்மா வாங்கிக்கொள்ளவில்லை. "அது வேல முடிஞ்சிது பாய். வேணுங்கறவங்களுக்குக் குடுத்துடுங்க," என்றாள். அவர் அதை மற்ற சட்டிகளோடு வரிசையில் மாட்டவும் முடியாமல், உள்ளே வைக்கவும் முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த வருஷத்து நினைவு நாளில் பெரியம்மா எப்போதும்போலப் பொதுக்குழிக்குப் போய்த் தன் புருஷனுக்கும் மகளுக்கும் பால் ஊற்றினாள். பிறகு வாய்க்கால் கரைக்கு அழைத்துப் போகச் சொன்னாள். அந்தப் பெண்மணி தலை முழுகிவிட்டு, முள்ளை வெட்டி இடத்தைச் சுத்தம் செய்து வைத்திருந்தார். பெரியம்மா குந்தி உட்கார்ந்து, சொம்பிலிருந்து பாலை ஊற்றி, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தெருவில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல் அது.

"ஒங்க புள்ள பேரு என்னக்கா?" என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

பெரியம்மா சொன்னாள். அவள் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவர் சொம்பை வாங்கி, மீதிப் பாலை அதே இடத்தில் ஊற்றினார்.

"அது எங்க கெடந்துச்சோ, அங்கயும் ஒருத்தி சீல போத்தியிருப்பாக்கா," என்றார்.

பெரியம்மா பால் ஊறி இறங்கிய மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போத்தியிருப்பா," என்றாள். சற்றுப் பொறுத்து, "போத்தாமயும் இருந்திருக்கலாம்," என்றாள்.