பேர் வந்துவிட்டது, படம் வரவில்லை

ஒரு சர்வரில் இருப்பதை அப்படியே இன்னொரு சர்வருக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். அதில் பாதி தட்டச்சு, மீதி பயம்.

கறுப்புத் திரை. அதில் ஒரு வரி. தட்டிவிட்டால் விடியும்வரை எழுத்துகள் ஓடிக்கொண்டே இருக்கும். படம் கிடையாது, பொத்தான் கிடையாது, 'நிச்சயமாகத்தானா?' என்று ஒரு வார்த்தை கேட்க நாதியும் கிடையாது. எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில், ஆள் வராத நேரங்களில் நானே கெடுத்து நானே சரிசெய்து படித்தது. பகலில் நெட் லைன் மற்றவர்களுக்கு வேண்டும் என்பதால் எங்கள் பிழைப்பு ராத்திரிக்குத் தள்ளப்பட்டுவிட்டது. வயது ஏற ஏற அந்த ராத்திரிகள் காரணமே இல்லாத ஒரு துக்கத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகின்றன. உட்கார முடியாது, எழுந்து நடக்கவும் இடமிருக்காது.

இதைப் படிக்கிறவர்களில் என் இனத்தார் சிலர் இருப்பீர்கள். எண்டரைத் தட்டுவதற்கு முன்னால் குலசாமியைக் கூப்பிட்டவர்கள், தட்டிய பிறகு மறுபடியும் கூப்பிட்டவர்கள். கோரிப்பாளையத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் செய்த ஒரே ஒரு வேலையின் கதை இது. உங்களுக்கு வலிக்கும், மற்றவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

ஊரே பார்த்த கிரகணம்

நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். பின்கட்டு அறையில் பழைய சர்வர். அந்த சென்டரில் எடுத்த ஸ்கேன் படங்கள் எல்லாம் அதற்குள். படங்களைத் திறந்து காட்டுகிற சாப்ட்வேர் அதில் படுத்துவிட்டது. சென்னையில் வாடகைக்கு ஒரு புது சர்வர் எடுத்து, அதில் புது சாப்ட்வேரும் போட்டாயிற்று. படங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் பாக்கி. மேனேஜர் ஜாபர் பாய் எனக்கு அண்ணன் வயதுக்காரர். அவர் அறையைத் திறந்துவிடச் சாவி தேடிக்கொண்டிருந்த நேரத்தில், முன் மேசையில் இருந்த ரேவதி ஒரு தம்பதியோடு பேசிக்கொண்டிருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்கள், விவசாயக் குடும்பம். அந்த அம்மா பெயர் பேச்சியம்மாள்.

இப்போது எடுத்த ஸ்கேனில் பேச்சியம்மாளுக்கு நெஞ்சில் ஒரு சின்னப் புள்ளி. சில வருஷத்துக்கு முன்னால் இருமலுக்கு இதே சென்டரில் எடுத்த படத்திலும் அந்தப் புள்ளி இதே அளவில் இருந்தால் பழைய தழும்பு, பயமில்லை என்று சென்டர் டாக்டர் சொல்லிவிட்டார். வளர்ந்திருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டும், ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்கவேண்டும், அதற்கு மேலும் போகலாம். ஆகவே பழைய படம் வேண்டும். "வீட்டுல வச்சிருக்கீங்களாம்மா?" என்று ரேவதி கேட்டதும் புருஷன்காரர் தலையைச் சொறிந்தார். "கிரகணத்தன்னைக்கி வெறுங்கண்ணால பாக்கக் கூடாதுன்னு டிவியில சொன்னாக. அதான் அந்தப் பிலிமைப் புள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டா வெட்டிக் குடுத்துட்டேன்."

ஆக, அந்தப் படம் இந்த உலகத்தில் மிச்சம் இருக்கிற ஒரே இடம் நான் தொடப்போகிற பழைய சர்வர். நாளைக்கு வாருங்கள், புது சர்வரில் பார்த்துவிடலாம் என்று ரேவதி சமாதானம் சொல்லி அனுப்பினாள். படியிறங்கும்போது பேச்சியம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னது: "கேட்டா, ஒன் நெஞ்சு வழியாத்தான்டி ஊரே சூரியனைப் பாத்துச்சுங்கிறாரு இந்த மனுசன்!"

இங்கிருந்து அங்கே

நான் பயன்படுத்துகிற கட்டளைக்கு ஆர்சிங்க் என்று பெயர். அதில் முதலில் எழுதுவது எங்கிருந்து, அடுத்து எழுதுவது எங்கே. இரண்டும் ஒன்றுபோல இருக்கவேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டு, இடத்தை மாற்றி எழுதிவிட்டால் தீர்ந்தது. காலி வீட்டைப் பார்த்து நிறைந்த வீட்டையும் காலி செய்துவிடும். அது சொன்னபடி செய்கிற ஜாதி. நினைத்தபடி செய்கிற ஜாதி இல்லை. அதனால் எனக்கு ஒரு பழக்கம். தட்டுவதற்கு முன்னால் திரையில் விரலை வைத்து, "இங்கேயிருந்து... அங்கே" என்று வாய்விட்டுச் சொல்லுவேன். பிறகு ஒத்திகை பார்ப்பேன், அதாவது உண்மையில் எதையும் தொடாமல் என்னென்ன செய்யும் என்று மட்டும் சொல்லவைப்பேன். அப்புறம் இன்னொரு தடவை விரலை வைத்துச் சொல்லுவேன்.

சாயங்காலம் நான் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்ததை வாசலில் நின்று கேட்டுவிட்டாள் ரேவதி. "என்னண்ணே, கண்டக்டர் மாதிரி ரூட்டு சொல்லிக்கிட்டு இருக்கீங்க?" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு காரணத்தைச் சொன்னேன். அவளுக்குப் பின்னால் நின்ற ஜாபர் பாய்க்கு முகம் வெளிறிவிட்டது. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்ப நல்லா சத்தமாவே சொல்லுங்க தம்பி, நாங்களும் சேர்ந்து ஆமீன் சொல்றோம்."

பாய் மூடிய லேப்டாப்

விடிந்ததும் எதிர்க்கடையில் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது என் லேப்டாப் அழகாக மூடி, மேலே ஒரு துண்டும் விரித்து வைக்கப்பட்டிருந்தது. விடியற்காலை பஜ்ர் தொழுகை முடித்து நேராகச் சென்டருக்கு வந்த பாய் செய்த உபகாரம். "ஸ்கிரீன் சும்மா எரிஞ்சுக்கிட்டு கெடந்துச்சு, தூசி வேற" என்றார். என் இனத்தாருக்கு இந்த இடத்தில் நெஞ்சு நின்றுபோயிருக்கும். லேப்டாப்பை மூடினால் அதிலிருந்து ஓடுகிற வேலை அத்தோடு செத்தது என்பது நமக்குத்தானே தெரியும்.

ஆனால் பல தடவை சூடுபட்டவன் நான். வேலையை என் லேப்டாப்பில் ஓட்டுவதில்லை. பழைய சர்வருக்குள்ளேயே ஓடவிட்டுவிட்டு, லேப்டாப்பில் எட்டிப் பார்ப்பதோடு சரி. திறந்து பார்த்தேன், வரிகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. போன உயிர் திரும்பி வந்தது. "ஒண்ணும் ஆகலை பாய். இதை மூடினாலும், நான் வீட்டுக்கே போனாலும் அது பாட்டுக்கு ஓடும்" என்று பெருமையாகச் சொன்னேன். பாய் துண்டை மடித்துக்கொண்டே கேட்டார். கிண்டல் எல்லாம் இல்லை, நிஜமான சந்தேகம்தான்.

"அப்ப ராத்திரி பூரா நீங்க இங்க எதுக்கு உக்காந்திருந்தீங்க?"

சீக்கிரம் முடிந்த வேலை

மத்தியானம் வரைக்கும் ஓடும் என்று நினைத்திருந்தேன். ரேவதி வந்து விளக்கேற்றி ஊதுபத்தி கொளுத்துவதற்குள் முடிந்துவிட்டது. வேறு தொழிலில் வேலை சீக்கிரம் முடிந்தால் சந்தோஷப்படுவார்கள். எங்களுக்குச் சந்தேகம் வரும். பெயர்களை எண்ணச் சொன்னேன். இங்கே எத்தனையோ அங்கேயும் அத்தனை. ரேவதி புது சாப்ட்வேரைத் திறந்து போன வாரத்துப் படங்கள் நாலைந்தைப் பார்த்தாள்; பளிச்சென்று இருந்தன. பேச்சியம்மாள் பெயரைத் தேடினாள், அதுவும் இருந்தது. எல்லாம் சரி. அப்படியும் மனசு ஒட்டவில்லை. "பாய், பழைய மெஷினை ஒரு வாரத்துக்குத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக ஒத்தக்கடை பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் எல்லோரும் குளித்து, நெற்றியில் இட்டுக்கொண்டு, அன்றைய நாளைத் தொடங்கப் போகிறார்கள். நான் மட்டும் நேற்றைய முகத்தோடு. மாட்டுத்தாவணி வந்தும் தூக்கம் வரவில்லை. போனிலேயே புது சர்வருக்குள் போய், பேச்சியம்மாள் பெயருக்கு நேராக என்ன இருக்கிறது என்று கேட்டேன். பெயர் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி இருந்தது. படம் இல்லை. வீடு மாறிப் போனவர் பழைய வாசலில் 'இன்ன தெருவில் இருக்கிறேன்' என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போவார் இல்லையா, அப்படி ஒரு சீட்டு. ராத்திரி பூரா நான் சீட்டைப் பத்திரமாகச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறேன், ஆளை அனுப்பவில்லை. பழைய வருஷத்துப் பெயர்கள் அத்தனைக்கும் இதே கதி.

பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிக்கொண்டே பாய்க்கு போன் போட்டேன். "மெஷினை யாரும் தொடலியே?" பாய் விஷயத்தைச் சொன்னார். கப்பலூர் பட்டறைக்காரர் ஒருவர் அதைக் கேட்டிருந்தாராம். லோடு ஆட்டோ வந்து நின்றதாம். எல்லாப் பெயரும் வந்துவிட்டது என்றதால் ஏற்றிவிட்டாராம். கப்பலூரில் இறக்கியவுடன் உள்ளே இருப்பதை அழித்துத் தங்கள் கணக்கைப் போட்டுக்கொள்வார்கள். போனுக்குள் ரேவதியின் குரல் அழுகிற மாதிரி கேட்டது: "பேரு இருக்குண்ணே! நானே என் கண்ணால பாத்தேனே!"

முந்தைய ஆள்

ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும்போதே அந்த சென்டரில் எனக்கு முன்னால் வேலை பார்த்த ஆளைப் போனில் பிடித்தேன். அவர் இப்போது ஒத்தக்கடையில் பரோட்டாக் கடை வைத்து நிம்மதியாக இருக்கிறார். இந்தத் தொழிலைவிட்டுப் போனவர்களின் குரலிலேயே ஒரு தெளிவு வந்துவிடுகிறது. விஷயம் இதுதான். சர்வரில் இடம் நிறைந்துபோனபோது, உள்ளேயே இன்னொரு டிஸ்க்கைச் சொருகி, பழைய படங்களை அதற்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அம்புக்குறி வைத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கல்லில் பரோட்டாவைத் தட்டுகிற சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது.

"அது சும்மா ஒரு வாரத்துக்குன்னு செஞ்சது மாப்ள!"

நகராத வண்டி

கோரிப்பாளையம் சந்திப்பில் வாகனம் நகராததைப் பற்றி நான் இதுவரை பேசிய வசவுகளையெல்லாம் இந்த இடத்தில் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் ஷேர் ஆட்டோ நின்றது. முன்னால் பஸ் நின்றது. அதற்கு முன்னால் எல்லாமே நின்றது. இறங்கி நடந்தேன். எனக்கு எதிர்ப்பக்கமிருந்து வெள்ளைத் தொப்பியும் வியர்வையுமாக ஜாபர் பாய் வண்டிகளுக்கு நடுவே புகுந்து வந்துகொண்டிருந்தார். வேகமாக நடந்தாலே மூச்சு வாங்குகிற மனிதர், அன்றைக்கு ஓடினார். ஒரு லோடு ஆட்டோவின் முன்னால் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றுகொண்டார். அது ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது.

பின்னால் எட்டிப் பார்த்தேன். சாக்கு போர்த்தி, கயிறு கட்டி, பழைய சர்வர் பத்திரமாக இருந்தது. சாக்கை விலக்கி அதன் தலையைத் தடவினேன். தடவியது ரோட்டில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும், இருக்கட்டும். டிரைவர் ஒன்றும் புரியாமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சென்டரை விட்டுக் கிளம்பி எம்புட்டு நேரம் ஆயிற்றோ, சென்டரின் போர்டு இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது.

"நீங்க ஓடி வந்திருக்கவே வேண்டாம் பாய், மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்திருந்தாலும் நான் இங்கனதான் நின்னிருப்பேன்."

பக்கத்தில் பக்கத்தில்

மெஷினை மறுபடி பின்கட்டில் வைத்து உயிர் கொடுத்தோம். இந்தத் தடவை சீட்டைப் பார்த்தால் சீட்டை அனுப்பாதே, அது காட்டுகிற இடத்துக்குப் போய் ஆளையே கூட்டிக்கொண்டு போ என்று கட்டளையில் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தேன். பேச்சியம்மாளுடையதை முதலில் அனுப்பினேன்; மற்றதெல்லாம் சாவகாசமாகப் பின்னால் ஓடட்டும். சொல்லிவைத்த மாதிரி அவர்களும் வந்துவிட்டார்கள். அந்த அம்மா கையில் மாற்றுச் சேலை வைத்த ஒரு பை. புருஷன் கையில் பிளாஸ்க். ஆஸ்பத்திரியில் படுக்கத் தயாராக வந்திருக்கிறார்கள். ரேவதி அவர்கள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் கொடுத்தாள்.

டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் கதவோரம் நின்றேன். யாரும் என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. புள்ளியை அளந்தார். இன்னொன்றையும் அளந்தார். மறுபடி முதலாவதை அளந்தார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. அவரும் ரெண்டு தடவை சரிபார்க்கிற ஜாதி. அப்புறம் நாற்காலியைத் திருப்பி, "ஒண்ணும் மாறலைம்மா, அன்னைக்கி எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. பழைய தழும்புதான், வீட்டுக்குப் போங்க" என்றார்.

புருஷன்காரர் பிளாஸ்க்கைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ஜாபர் பாய் வெளியே போய் எல்லோருக்கும் டீ சொன்னார். எனக்கு ராத்திரி முழுக்க ஒட்டிக்கொண்டிருந்த அந்த இனம்தெரியாத துக்கம் எப்போது இறங்கிப்போனது என்றே தெரியவில்லை. பேச்சியம்மாள் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னம்மா யோசனை, அதான் நல்ல சேதி சொல்லிட்டாரே என்று ரேவதி தோளைத் தொட்டாள்.

"படுக்கப் போறேன், நீயே வச்சுப் பாத்துக்கன்னு நாலு ஆட்டையும் தங்கச்சி வீட்டுல கட்டிட்டு வந்தேன்த்தா, இப்பப் போயி திருப்பிக் குடுடின்னு கேட்டா அவ மூஞ்சி எப்படி இருக்கும்!"

ஆக, சக பாவிகளே, 'ஒண்ணும் மாறலை' என்று யாரோ ஒருவர் சொல்லிக் கேட்பதற்குத்தான் நாம் இம்புட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறோம்.