எறிந்தவளும் எடுத்தவளும்

ஜப்பானியப் பேச்சில் சுதே என்றால் எறியப்பட்டவள். பதிவேட்டிலோ அந்தப் பெயருக்கு ‘கண்டெடுத்தது’ என்று பொருள்படும் எழுத்து நிற்கிறது. எழுபது வருடமாக எந்த அலுவலகத்துக்குப் போனாலும் குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். எல்லாம் அவள் அம்மா கினுவின் ஒரு காலைப்பொழுதால் வந்தது.

பிள்ளைக்கு இரண்டு நடக்கும்போது தகப்பனுக்கு நாற்பத்திரண்டு நடந்தால் தகப்பன் தங்கமாட்டான் என்பது எங்கள் மீன்பிடி ஊரின் கணக்கு. பரிகாரமும் ஊரே வைத்திருந்தது. பிள்ளையை முச்சந்தியில் போட்டுவிட வேண்டும். பேசிவைத்த ஒருவர் கண்டெடுத்து, பெயரிட்டு, யாரோ பெற்ற பிள்ளையாகத் திருப்பித் தரவேண்டும். பெற்றவளே எடுத்தால் எல்லாம் பாழ். கினு இதை நம்பியவள் இல்லை. நம்பாமலிருக்கத் துணிந்தவளும் இல்லை.

முச்சந்தியில் முறத்தில் குழந்தையைக் கிடத்திவிட்டுக் கோயில் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்தாள். எடுக்கப் பேசிவைத்திருந்த, சோயாப்பால் கட்டியான தோஃபு விற்கும் ஒதாத்சுவைக் காணோம். பனி விழத் தொடங்கியது. வந்தவள் ஃபுஜி, எதிர்த்தீவிலிருந்து கருவாடு விற்க வருகிறவள், போன மாதம்தான் அம்மை நோய்க்குத் தன் பிள்ளையைப் பறிகொடுத்தவள். குனிந்து பார்த்தாள். கூடையை இறக்கி அங்கேயே விட்டாள். குழந்தையை அணைத்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தாள்.

பிடுங்கினால் புருஷன் போவான். நின்றால் பிள்ளை போகும். துறையில் படகுக்காரன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கினு ஓடினாள், ஆனால் அம்மாவாக ஓடவில்லை.

“அக்கா, அது கண்டெடுத்த பிள்ளையா?”

“ஆமா. எந்தப் புண்ணியவதியோ எறிஞ்சிட்டுப் போயிருக்கா.”

“எங்கிட்ட பால் இருக்கு. எனக்குக் குடுங்களேன், நான் வளர்க்கிறேன்.”

கினுவின் மார்பில் நனைந்திருந்த துணியை ஃபுஜி பார்த்தாள். அவளுக்கும் அதே இடத்தில் நனைந்திருந்தது. படகுக்காரன் இரண்டு முறை கூப்பிட்டான். ஃபுஜி திரும்பவில்லை.

“எடுத்தவ நான். பேரு நான்தான் வைப்பேன்.”

“வைங்க.”

“வருஷப் பிறப்புக்கு எங்கிட்ட வரணும். மகளா வரணும்.”

கினு குழந்தைக்குக் கை நீட்டினாள். “அனுப்புறேன்” என்றாள்.

ஊர் அலுவலகத்தில் ஃபுஜி, சுதே என்ற பெயருக்குக் ‘கண்டெடுத்தது’ என்ற எழுத்தைப் போடச் சொன்னாள். உச்சரிப்பு ஒன்று எழுத்து ஒன்றாக எழுத முடியாது என்று குமாஸ்தா முறுக்கிக்கொண்டார். “எறிஞ்சது ஒருத்தி, எடுத்தது நான். ரெண்டும் இருக்கட்டும், எழுதும்” என்றாள் ஃபுஜி.

ஒதாத்சு மத்தியானம் வந்து, சோயா அடிபிடித்துவிட்டது என்று காரணம் சொன்னாள். அப்பன் எண்பத்தோரு வயதுவரை திடமாக இருந்து எல்லாரையும் திட்டினான். வருஷப் பிறப்புதோறும் சுதே அரிசிக் கொழுக்கட்டையோடு தீவுக்குப் படகேறினாள். படகு திரும்பும்வரை கினு காத்திருப்பாள். துறையிலேயே நிற்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் விறகுக் கொட்டகைக்குப் பின்னால்தான் நின்றாள்.